வட்டா, வன்தட்டா?

வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க சிடி பிளேயர் மேலா, கம்ப்யூட்டர் மேலா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. "அந்தக் கனம் ஃபைலில் வராது" என்பார்கள் சிடி கட்சிக்காரர்கள். "பூஜ்யமும் ஒன்றும் எங்கிருந்து வந்தால் என்ன?" என்பார்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். இரு தரப்பும் தங்கள் காதையே சாட்சிக்கூண்டில் ஏற்றுகின்றன. குறுக்கு விசாரணை மட்டும் நடப்பதில்லை. அதை இங்கே நடத்திப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு பாகப்பிரிவினை தேவை. "கம்ப்யூட்டரில் கேட்பது" என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு பழக்கங்கள் ஒளிந்திருக்கின்றன. சொந்தத் தகட்டிலிருந்து பிழையின்றிப் படியெடுத்த ஃபைலைக் கேட்பது ஒன்று. சந்தா கட்டி ஸ்ட்ரீமிங்கில் கேட்பது இன்னொன்று. யாரோ எப்போதோ கேசட்டிலிருந்து ஏற்றி, எம்பி3 ஆக்கி, பென் டிரைவ் வழியாகக் கைமாறி வந்ததைக் கேட்பது மூன்றாவது. சிடி ரசிகர்கள் கம்ப்யூட்டரைத் திட்டும்போது பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான் திட்டுகிறார்கள். அந்தத் திட்டு நியாயமானது. ஒரு காலத்தில் நடைபாதையில் விற்ற, ஒரே தகட்டில் நூறு பாட்டு அடைத்த எம்பி3 சிடியும் அதே வகையறாதான். வட்டமாக இருந்ததால் மட்டும் அது இசைத்தகடு ஆகிவிடவில்லை. சிடி பிளேயருக்கு எதிரே சரிசமமாக நிறுத்த வேண்டியது முதல் பழக்கத்தை. ஸ்ட்ரீமிங்குக்குத் தனிக் கணக்கு உண்டு.

தகட்டில் இருப்பது போதுமா?

ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980-ல் "ரெட் புக்" என்ற விதிமுறையை வகுத்தன. 1982 அக்டோபரில் சோனியின் சிடிபி-101 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடமும் வலமுமாக இரண்டு தடங்கள். 44,100 என்ற விநோதமான எண்ணை இசைக்காரர்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை. டிஜிட்டல் ஒலியைப் பதிந்துவைக்க அந்நாளில் வீடியோ டேப்தான் தோதாக இருந்தது. அதில் வினாடிக்கு 60 புலம், புலத்துக்கு 245 வரி, வரிக்கு 3 மாதிரி என்று பெருக்கினால் அந்த எண் வரும்.

பிறப்பு எப்படியானாலும் அளவு போதுமானதாக அமைந்தது. மனிதக் காது எட்டும் 20 கிலோஹெர்ட்ஸ் வரை அதில் அடங்கும். 16 பிட் தரும் மெல்லொலி-வல்லொலி வீச்சு சுமார் 96 டெசிபெல். வெளியே ஆட்டோ ஓடும் தெருவில் ஒரு வீட்டுக் கூடத்தின் சாதாரண இரைச்சலே 35, 40 டெசிபெல் இருக்கும். அதற்கு மேல் 96 டெசிபெல் ஏறினால் காது வலிக்கும் எல்லையைத் தொட்டுவிடலாம். அவ்வளவு இடம் எந்தக் கச்சேரிக்கும் தேவைப்படாது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உயர்தெளிவுப் பதிவுகளை அப்படியே ஒரு முறையும், சிடி தரத்துக்கு இறக்கி ஒரு முறையும் ஒலிக்க விட்டார்கள். எது எதுவென்று கேட்பவருக்குச் சொல்லவில்லை. 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே விடை வந்திருக்கும். 2016-ல் லண்டனைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் இத்தகைய பல சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார். சரியான விடைகள் 52.3 சதவீதம். பயிற்சி பெற்ற காதுகளில் அது 60-ஐத் தாண்டியது. ஆகவே வேறுபாடு அறவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. பயிற்சியோடு காது கூர்ந்து தேடினாலும் பல முறை தவறிப்போகும் அளவுக்கு அது சிறியது என்று சொல்லலாம்.

இதிலிருந்து கம்ப்யூட்டர் கட்சிக்கு ஒரு பின்னடைவு. "24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் ஓடும்" என்பது அவர்களின் பெரிய ஆயுதம். வீட்டுக் கூடத்தில் அந்த ஆயுதம் வெடிப்பதில்லை. இந்தச் சுற்று சமன்.

படிப்பதில் யார் கெட்டி?

தகட்டில் கீறல் விழும் என்பதை முதலிலேயே எதிர்பார்த்து, ரீட்-சாலமன் குறிமுறை என்னும் பிழைதிருத்தக் கணிதத்தை அதில் புதைத்தார்கள். தகட்டின் தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் படிக்க முடியாமல் போனாலும் இழந்த எண்களை முழுமையாக மீட்டுவிடலாம். சேதம் அதற்கு மேல் போனால் பிளேயர் முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து நடுவில் இருந்திருக்கக்கூடியதை ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாதபோதுதான் "டக்" என்ற சத்தமோ தாவலோ நம் காதுக்கு எட்டுகிறது. தாவல் கேட்கவில்லை என்பதாலேயே தகட்டில் உள்ளது அப்படியே ஒலித்தது என்று சொல்லிவிட முடியாது.

இங்கேதான் இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு தொடங்குகிறது. சாதாரண சிடி பிளேயர் பாட்டு ஓடும் வேகத்திலேயே படித்துக்கொண்டு போக வேண்டும். தடுமாறிய இடத்துக்குத் திரும்பிப் போக அவகாசம் இல்லை. நேரலையில் செய்தி வாசிப்பவரின் நிலை அதுதான். தகட்டை ஃபைலாகப் படியெடுக்கும், அதாவது ரிப் செய்யும், கம்ப்யூட்டரோ பிழைதிருத்துநரைப் போல, சந்தேகமான வரியை எத்தனை முறை வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள்கள் இதையே செய்கின்றன. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்து, விடைகள் ஒத்துப்போகும்வரை விடுவதில்லை. அதன்பின் அக்யூரேட்ரிப் என்ற பொதுத் தரவுத்தளத்தில், உலகில் வேறு யாராவது இதே தகட்டைப் படியெடுத்திருந்தால் அவர்களுக்குக் கிடைத்த எண்ணோடு ஒப்பிடலாம். ஒத்துப்போனால் நம் ஃபைல் தகட்டின் நகல் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். சிடி பிளேயர் எதுவும் இப்படி ஒரு சான்றிதழ் தருவதில்லை.

பிளேயர் பக்கம் ஒரு நியாயமும் இங்கே உண்டு. 1980-களின் தொடக்கத்தில் வந்த சில தகடுகளில், குறிப்பாக ஜப்பானில் அச்சானவற்றில், "ப்ரீ-எம்ஃபசிஸ்" என்ற முறையில் மேல் அதிர்வெண்களைத் தூக்கிப் பதிந்திருப்பார்கள். உச்சத்தில் அது 9 டெசிபெலுக்கும் மேல் போகும். பிளேயர் தகட்டில் உள்ள குறியைப் பார்த்துத் தானாகவே அதை இறக்கிவிடும். ரிப் செய்யும் மென்பொருள் அந்தக் குறியைக் கவனிக்காமல் விட்டால் ஃபைல் கூர்மையாக, எரிச்சலூட்டும்படி ஒலிக்கும். "ஃபைல் கீச்சென்று கேட்கிறது" என்ற புகாரைக் கற்பனை என்று தள்ளுவதற்கு முன் இதையும் பார்த்துவிட வேண்டும். ஆனால் இது திருத்தக்கூடிய தவறு. திருத்தத்தைச் செய்வதும் அதே கம்ப்யூட்டர்தான்.

இயந்திரத்தின் ஆயுளையும் எடை போட வேண்டும். சிடி பிளேயரில் முதலில் தேய்வது லேசர் பிக்-அப். ரிப்பேர் கடைகளில் "லென்ஸ் போயிடுச்சு" என்பார்களே, அந்த உறுப்பு. சோனியின் கேஎஸ்எஸ்-213 போல லட்சக்கணக்கான பிளேயர்களில் போட்ட வகையாக இருந்தால் சென்னை ரிச்சி தெருவில் தேடினால் நகலாவது அகப்படலாம். அபூர்வமான, விலை உயர்ந்த பழைய பிளேயர்களுக்கு அந்த வழியும் அடைபட்டுக்கொண்டே வருகிறது. ஹார்ட் டிஸ்கும் சாகும்தான், அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல். ஆனால் ஃபைலுக்கு இரண்டாவது பிரதி வைக்கலாம். மூன்றாவதை உறவினர் வீட்டில் வைக்கலாம். ஒரு மணி நேரச் சிடி சுமார் 635 மெகாபைட். ஒரு பிட்டும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் அது ஏறக்குறைய 350 ஆகும். ஒரு டெராபைட் டிஸ்கில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் அடங்கும். இடத்தை மிச்சம் பிடிக்க எம்பி3-யில் ஒலித்தரத்தைத் தியாகம் செய்ய இப்போது காரணமே இல்லை.

தகடும் சிரஞ்சீவி அல்ல. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் 1988 முதல் சில ஆண்டுகள் அச்சான தகடுகள் பழுப்பேறிப் படிக்க முடியாமல் போனது பதிவான சங்கதி. வீட்டில் எரித்த சிடி-ஆர் தகடுகளின் சாயம் வெயிலிலும் வெக்கையிலும் இன்னும் சீக்கிரம் மங்கும். இந்தச் சுற்று சந்தேகமின்றிக் கம்ப்யூட்டருக்கு.

கம்ப்யூட்டரின் குற்றங்கள்

இனி எதிர்த்தரப்பின் வாதம். அதில் வலுவானதும் உண்டு, வெற்று மிரட்டலும் உண்டு.

மிரட்டல் முதலில்: ஜிட்டர். மாதிரிகளை வெளியே விடும் கடிகாரத் துடிப்பு இம்மியளவு முன்பின் ஆவதற்கு அந்தப் பெயர். "கம்ப்யூட்டரில் ஜிட்டர் அதிகம், அதனால் இசை உயிரற்றுப்போகும்" என்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்குக் கேபிள் விற்பவர்கள் சொல்வார்கள். 2005-ல் ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வில் ஒலித்துறைக்காரர்களே தங்களுக்குப் பழகிய கருவிகளில், தாங்கள் தேர்ந்தெடுத்த இசையைக் கேட்டார்கள். தற்போக்கான ஜிட்டர் சில நூறு நானோவினாடி அளவுக்கு ஏறும்வரை அவர்களால் அதைப் பிரித்தறிய முடியவில்லை. எண்களை மின்னலையாக்கும் கருவிக்கு டாக் என்று பெயர்; ஒழுங்காக வடிவமைத்த இன்றைய யுஎஸ்பி டாக்கில் அது ஒரு நானோவினாடிக்கும் கீழே இருப்பது வழக்கம். மேலும், அசிங்க்ரனஸ் முறையில் இயங்கும் டாக் தன் சொந்தக் கடிகாரத்தின்படி கம்ப்யூட்டரிடமிருந்து எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கம்ப்யூட்டரின் கடிகாரம் கோணலாக இருந்தாலும் அது இசையைத் தொடுவதில்லை.

வலுவான குற்றச்சாட்டுகள் வேறு. மேசைக் கம்ப்யூட்டர் இசைக்காகப் பிறந்ததல்ல. விண்டோஸ் தன் ஒலிக்கலவைக்குள் எல்லாவற்றையும் ஒரே மாதிரியெடுப்பு வேகத்துக்கு, பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு, மாற்றித்தான் வெளியே விடும். சிடியின் 44.1 அங்கே மறுகணக்குக்கு உள்ளாகிறது. எக்ஸ்பி காலத்தில் அந்தக் கணக்கின் தரம் மோசம். இன்று அது பெரிதும் தேறிவிட்டது; பிளேயர் மென்பொருளில் "எக்ஸ்க்ளூசிவ்" முறையைத் தேர்ந்தெடுத்தால் கலவையையே தவிர்த்துவிடலாம். தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். பெரும்பாலோர் செய்வதில்லை. தோடி ஆலாபனையின் நடுவே மின்னஞ்சல் வந்த மணி அடிப்பதும் அதே கலவையின் உபயம்தான். கம்ப்யூட்டரின் ஃபேன் இரைச்சல் மெல்லிய தம்புராவை விழுங்கும். யுஎஸ்பி வழியாகவும் எர்த் வழியாகவும் ஆம்பிளிஃபயருக்குள் நுழையும் "ஊம்" என்ற முணுமுணுப்பு கற்பனை இல்லை. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றினால் அது நின்றுபோவதைப் பலரும் கேட்டிருப்பார்கள். லேப்டாப்பின் உள்ளே பதித்த ஒலிச்சில்லின் தரமோ கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும்.

இந்தக் குற்றங்கள் எல்லாம் பொதுவேலைக் கம்ப்யூட்டர் மேல் விழுபவை. ஃபேன் இல்லாத ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கம்ப்யூட்டர் ஒன்றை இசைக்கென்றே ஒதுக்கி, வால்யூமியோ அல்லது மூட் ஆடியோ போன்ற இலவச மென்பொருளை ஏற்றி, தனி டாக் இணைத்துவிட்டால் பட்டியலில் பெரும்பாலானவை அடிபட்டுப்போகும். அந்த நிலையில் அதுவும் சிடி பிளேயரும் கட்டுமானத்தில் நெருங்கிய சொந்தக்காரர்கள்: எண்களைத் தரும் ஒரு பகுதி, அவற்றை மின்னலையாக்கும் ஒரு டாக். ஆனால் அந்த நிலைக்குக் கொண்டுவர ஒருவர் மெனக்கெட வேண்டும். சிடி பிளேயரை வாங்கி வந்து பின்னைச் செருகினால் போதும். முழுச் சாத்தியத்தில் கம்ப்யூட்டர் சிடி பிளேயருக்குச் சமம். கவனிக்காமல் விட்டால் கீழே. இந்தச் சுற்றை நேர்மையாகச் சிடி பிளேயருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அறையின் சாட்சியம்

இந்த வழக்கில் யாரும் அழைக்காத முக்கிய சாட்சி அறை. நம் வீடுகளில் மொசைக் அல்லது டைல்ஸ் தரை, பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் கூரை. கம்பளமும் கனத்த திரையும் அபூர்வம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், பத்தடிச் சுவர்களுக்கு இடையே 56 ஹெர்ட்ஸ் அருகிலும், பன்னிரண்டடிச் சுவர்களுக்கு இடையே 47 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒலி தேங்கி வீங்கும். பேஸ் கிட்டாரின் 'ஏ' கம்பியைத் திறந்து மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் அறையையே ஆட்டும். பக்கத்துச் சுரம் ஓடி ஒளியும். பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே நடந்துபோகும் எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் அந்த நடை நொண்டுவதற்குக் காரணம் பல வீடுகளில் பிளேயரும் இல்லை, ஃபைலும் இல்லை, சுவர்கள்.

இந்தக் கோளாறு 10 டெசிபெல் வரைக்கும்கூடப் போகும். இரண்டு நல்ல டாக்குகளுக்கு இடையிலான வேறுபாட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பேசுவதே வீண். அளவெடுக்கும் மைக் ஒன்றை வைத்து, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளால் அறையை அளந்து, வீங்கும் அதிர்வெண்களை மட்டும் தணிக்கும் வடிகட்டியை இசைக் கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம். எல்லா நோயும் தீராது. ஒலி குழிவிழும் இடங்களைத் தூக்க முயல்வது வீண்வேலை. எதிரொலியை மென்பொருள் குறைக்காது. ஆனால் அடிநாதத்தின் வீக்கம் வடியும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் குமுக்கு மற்ற சொற்களின் மேல் ஏறி உட்காராது. சிடி பிளேயரில் இதற்கு வழியில்லை. அந்த வசதியுள்ள ஆம்பிளிஃபயரைத் தனியாக வாங்க வேண்டும். காதுக்குக் கேட்கும் வேறுபாடு என்று பார்த்தால் வழக்கிலேயே பெரிய வேறுபாடு இதுதான். இது கம்ப்யூட்டர் பக்கம் சாய்கிறது.

எந்தப் பதிவு?

"சிடியில் கேட்டால் நன்றாக இருக்கிறது, ஆப்பில் கேட்டால் இல்லை" என்பவர் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட இரண்டும் ஒரே பதிவாக இருந்திருக்காது. 1990-களிலிருந்து "சத்தமாக ஒலித்தால்தான் விற்கும்" என்ற நம்பிக்கையில் பதிவுகளின் மெல்லொலியைத் தூக்கி, உச்சங்களை வெட்டி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு அமுக்கினார்கள். மெட்டாலிகாவின் 2008 ஆல்பமான "டெத் மேக்னடிக்" இதற்குப் பேர்போன உதாரணம். அதே பாடல்கள் "கிட்டார் ஹீரோ" வீடியோ விளையாட்டில் அவ்வளவு அமுக்கப்படாமல் வந்திருந்தன. ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொதித்தார்கள். கடையில் விற்ற சிடிதான் அங்கே மட்டமான பதிப்பு.

தமிழில் கதை வேறு விதமாகச் சிக்கலானது. ஒரே திரைப்பாட்டுக்குப் பல பதிப்புகள் புழங்குகின்றன: இசைத்தட்டிலிருந்து ஏற்றியது, கேசட்டிலிருந்து ஏற்றியது, மூல டேப்பிலிருந்து ஏற்றியது, பின்னாளில் எதிரொலி சேர்த்து "மெருகேற்றியது". 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து ஓரியண்டல் ரெகார்ட்ஸ் வெளியிட்ட இளையராஜா தகடுகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுவது பழம்பொருள் மோகத்தால் மட்டும் அல்ல. பிந்தைய "மெருகு" படாத பதிப்பு வேண்டும் என்பதாலும்தான். கர்நாடக இசையில் சென்னையின் சார்சுர் போன்ற நிறுவனங்கள் கச்சேரிகளை நேரடியாகப் பதிந்து வெளியிட்ட தகடுகளுக்கும் இந்த மதிப்பு உண்டு: கேசட்டைத் தொடாமல் வந்த பதிவுகள் அவை.

டேப்பிலிருந்து ஏற்றியதில் இன்னொரு கேடு சுருதி. டேப் 6 சதவீதம் வேகமாக ஓடியிருந்தால் பாட்டு ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடியதாக ஆகிவிடும். குரலின் வயதே மாறிப்போகும். இந்தப் பிழை தகட்டுக்குள் போய்விட்டால் சிடி பிளேயர் அதை விசுவாசமாகத் திருப்பிச் சொல்லும். ஃபைலாக இருந்தால், பாடகரின் உண்மைச் சுருதி தெரிந்தவர் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வேகத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஆக, பழைய தகட்டுக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு அதில் அச்சான பதிவின் மதிப்பு. அதைச் சுழற்றும் பெட்டிக்கு அதில் பங்கில்லை. சிடி ஆதரவாளர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் வாதம் குழம்புகிறது. அந்தத் தகட்டை ரிப் செய்தால் அதே பதிவு ஃபைலாகிறது.

சந்தா கட்டியது சொத்தாகுமா?

ஸ்ட்ரீமிங்கின் கணக்குக்கு வரலாம். தரம் இப்போது தடையில்லை. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் கூடுதல் கட்டணம் இல்லாமல் சிடி தரத்திலும் அதற்கு மேலும் தருகிறது. புதிதாக வரும் பெரும்பாலான தமிழ்ப் படப்பாடல்களுக்கு இப்போது குறுந்தகடே வெளியாவதில்லை என்பதால், சிடி பிளேயர் மட்டும் வைத்திருப்பவருக்கு இன்றைய இசையின் கதவு சாத்தப்பட்டுவிட்டது. கேட்டறியாததைத் தேடிக் கேட்க ஸ்ட்ரீமிங்குக்கு நிகர் இல்லை.

ஆனால் அது வாடகை வீடு. 2023 மார்ச்சில் ஒப்பந்தம் முறிந்து ஜீ மியூசிக் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து காணாமல் போயின. ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2024-ல் மூடுவதாக அறிவித்தது. பட்டியலில் பாட்டின் பெயர் அப்படியே இருக்க, பின்னால் உள்ள பதிவை மட்டும் வேறு பதிப்பாக மாற்றிவிடுவதும் உண்டு. சந்தாதாரருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்கும் ஐம்பது, நூறு ஆல்பங்களை இதை நம்பி விட்டுவைக்க முடியாது. அவை தகடாகவோ ஃபைலாகவோ கைவசம் இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு வாக்களிப்பதை ஸ்ட்ரீமிங்குக்கு வாக்களிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்கும் பழக்கம்

சிடி ஆதரவாளர்களின் கடைசி வாதம் இயந்திரத்தைப் பற்றியது அல்ல. தகட்டை எடுத்து, போட்டு, உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் முழுதாகக் கேட்கிறோம். கம்ப்யூட்டரில் அரைப் பாட்டுக்கு ஒரு முறை தாவுகிறோம் என்பது அந்த வாதம். இதை வெறும் பழமை ஏக்கம் என்று ஒதுக்க மாட்டேன். நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவி, நடுவில் தாவாதவருக்கே திறக்கும். திரையும் தேடல் பெட்டியும் தாவச் சொல்லி இழுக்கின்றன. அது கருவியின் குணம், கேட்பவரின் பலவீனம் மட்டும் அல்ல. வயதான பெற்றோர் கையில் கொடுக்கும்போது ஐந்து பொத்தான்கள் உள்ள பெட்டி, கடவுச்சொல் கேட்கும் ஆப்பைவிட ஆயிரம் மடங்கு மேல்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒழுங்காகக் குறிப்பிட்டு வைத்த ஃபைல் தொகுப்பில் "கல்யாணி" என்று தேடினால், அலமாரியில் சிதறிக் கிடக்கும் எல்லாக் கல்யாணிகளும் பாடகர் வாரியாக வரிசையில் நிற்கும். ஒரு ராகத்தை ஐந்து பேர் எப்படி எடுத்தார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்பது ரசனையை வளர்க்கும் பயிற்சி; தகடு மாற்றி மாற்றி அதைச் செய்பவர் குறைவு. ஆனால் அந்தக் குறிப்புகளைப் போட நாமே உட்கார வேண்டும். இணையத் தரவுத்தளங்கள் தரும் கர்நாடக இசைக் குறிப்புகளில் ஒரே ராகம் நாலு எழுத்துக்கூட்டில் வரும். பாடகர் இடத்தில் வாக்கேயக்காரர் உட்கார்ந்திருப்பார். ஒரு சிக்கலைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: ஆலாபனை, தானம், பல்லவி என்று தடம் பிரித்த பதிவில், இடைவெளியில்லாமல் ஒலிக்கத் தெரியாத மென்பொருள் ஒவ்வொரு எல்லையிலும் ஒரு விக்கல் வைக்கும். சிடி பிளேயர் வைக்காது. தொடர்ச்சியும் எளிமையும் முக்கியம் என்பவருக்கு இங்கே சிடி பிளேயர். தேடலும் ஒப்பீடும் முக்கியம் என்பவருக்குக் கம்ப்யூட்டர்.

தீர்ப்பு

இதுவரை வந்த சான்றுகளைக் கூட்டினால் விடை மங்கலாக இல்லை. ஒலித்தரத்தில், ஒழுங்காக அமைத்த இரண்டும் சமம். படிப்பதில் துல்லியம், பாதுகாப்பு, அறையைத் திருத்தும் வசதி, பிழையான பதிவைச் சீர்செய்யும் வாய்ப்பு ஆகிய நான்கிலும் கம்ப்யூட்டர் முன்னே நிற்கிறது. மெனக்கெடாத எளிமையில் சிடி பிளேயர் முன்னே நிற்கிறது. நூறு தகடுகளுக்கு மேல் வைத்திருப்பவருக்கும், நீண்ட காலம் கேட்க உத்தேசிப்பவருக்கும் என் தீர்ப்பு: தகட்டை ஃபிளாக் ஆக்கி, தனி டாக் வழியாக, இசைக்கென்று ஒதுக்கிய சிறு கம்ப்யூட்டரில் கேட்பதே மேல். புதிய சிடி பிளேயருக்கு ஒதுக்கிய பணத்தை ஸ்பீக்கருக்கும் அளவெடுக்கும் மைக்குக்கும் மாற்றுங்கள். அங்கே காதுக்குத் தெரியும் பலன் இருக்கிறது.

விலக்குகள் இரண்டு. ஏற்கெனவே நன்றாக ஓடும் பிளேயர் இருந்து, தகடுகள் சில டஜன்தான் என்றால், அது ஓடும்வரை ஓடட்டும். மாற்றுவதில் ஒலி லாபம் இல்லை. மென்பொருள் அப்டேட், நெட்வொர்க், பேக்கப் என்ற சொற்களே அலுப்பூட்டும் என்றால் சிடி பிளேயரே சரி. பராமரிக்காத கம்ப்யூட்டர் அதைவிட மோசமாகத்தான் ஒலிக்கும். எந்த நிலையிலும் ரிப் செய்த பிறகு தகடுகளை எடைக்குப் போட்டுவிடக் கூடாது. அவை மூலப் பிரதி; உரிமைக்கான சான்றும் அவைதான்.

இந்தத் தீர்ப்புக்கு ஒரு கெடுவும் உண்டு. புதிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் சிடி டிரைவ் இல்லை; தனியாக விற்கும் யுஎஸ்பி டிரைவ்கள் இன்று சல்லிசாகக் கிடைக்கின்றன, என்றும் கிடைக்கும் என்று நம்ப இடமில்லை. தகடுகளும் ஆண்டுக்கு ஆண்டு இளமையாகப் போவதில்லை. இந்த வழக்கில் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், முதலில் வாங்க வேண்டியது ஒரு டிரைவும் இரண்டு ஹார்ட் டிஸ்குகளும். கடைகளில் இனிக் கிடைக்காத தகடுகளிலிருந்து ரிப் செய்யத் தொடங்குங்கள். எதில் கேட்பது என்று அதன்பின் சாவகாசமாக முடிவு செய்துகொள்ளலாம்.